டார்கெட் கொஞ்சம் மங்கலாக இருக்கட்டும்

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான்: நல்லாத் தெரியணும். நானும் இருபத்திரண்டு வருஷமாகத் தஞ்சாவூரில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டு, அந்த ஒரே வேலையைத்தான் செய்துவருகிறேன். சொந்த ஊர் அதிராம்பட்டினம். கண்ணைச் சோதித்து பவர் எழுதுவது நான். லென்ஸை வெட்டி, தேய்த்து, ஃபிரேமில் பொருத்துவது என் மனைவி சபுரா. இந்தக் கடையில் பேச்சு முழுக்க என்னுடையது, வேலை முழுக்க அவளுடையது என்று வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அதில் பாதி உண்மை.

மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்த வாசகர்களே, நாம் எல்லோரும் ஒரே சாதி. அதனால் உங்களிடம் மனம் விட்டுச் சொல்கிறேன். நான் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை உங்களில் ஒருவர்கூட நம்புவதில்லை. புதுக் கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் மாட்டிக்கொண்டு நேரே வாசலுக்குப் போய்விடுவீர்கள். அங்கே நின்று, வருகிற பஸ்ஸின் போர்டைப் படிப்பீர்கள். ‘திருவையாறு’ என்று தடங்கல் இல்லாமல் படித்துவிட்டால் நான் பாஸ். பஸ் வர நேரமானால் மூன்று நான்கு பேர் வாசலில் ரோட்டைப் பார்த்தபடி வரிசையாக நிற்பார்கள். பக்கத்து டீக்கடைக்காரருக்கு அதில் கொஞ்சம் வியாபாரமும் உண்டு.

இந்தப் பஸ் போர்டு பரீட்சையில் நான் தோற்றதே இல்லை. பரீட்சையில் பாஸாகியும் தோற்க முடியும் என்று எனக்குக் காட்டியவர் ஒரு போலீஸ் ஏட்டம்மா. அவரை நினைத்தால் இன்றைக்கும் மனசுக்குள் ஒரு சலாம் வைத்துக்கொள்வேன்.

போர்டு தெரிந்தது

பெயர் தமிழரசி. ஆயுதப்படையில் ஏட்டு, வயது நாற்பத்தாறு. மன்னார்குடிப் பக்கம் கிராமம். கணவர் விவசாயம் பார்க்கிறார். ரிஜிஸ்டரில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றுதான் வந்தார். கண்ணைச் சோதித்துக்கொண்டே நான் வழக்கம்போல வாயைக் கிளற, பேச்சு எங்கோ போய்விட்டது. பதினெட்டு வருஷமாக அவர் போலீஸ் பிஸ்டல் டீமில் இருக்கிறார். போலீஸ்காரர்களுக்குள் நடக்கும் போட்டிகளில் இருபத்தைந்து மீட்டரில் ஒற்றைக் கையால் சுடுகிறவர். ஒரு வருஷமாகக் குண்டெல்லாம் சிதறிப் போகிறதாம். “கை நடுங்குது ஏட்டம்மா, வயசாகுதுல்ல” என்று பயிற்சி கொடுக்கும் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். டீமில் இருப்பது நான்கே இடம். இரண்டு மாதத்தில் தேர்வு. முதல் நான்கு பேருக்குள் வரவில்லை என்றால் அவர் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிடுவார்.

கை நடுங்குகிறது என்பதை அவரும் நம்பிவிட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆறு மாதமாகக் காபியைத் தொடவில்லை. விடிகாலையில் எழுந்து, செம்பு நிறையத் தண்ணீரை வலது கையில் ஏந்தி, கையை நீட்டியபடி பத்து நிமிஷம் நிற்கிறார். ஏதோ வேண்டுதல் என்று மாமியார் நினைத்துக்கொண்டு, கேட்கவும் பயந்து, சும்மா இருந்துவிட்டாராம். “அந்த டீமை விட்டு அனுப்பிட்டாங்கன்னா அப்புறம் நான் வெறும் பந்தோபஸ்து ஏட்டுதான் பாய்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு வீரம் வந்துவிட்டது. துப்பாக்கி சுடுகிறவருக்குச் சாதாரணக் கண்ணாடியா? தூரம், நடுத்தூரம், கிட்டம் மூன்றும் ஒரே லென்ஸில் தெரிகிற புரோகிரஸிவ் போட்டுக் கொடுத்தேன். அவருக்குத் தூரப் பார்வையில் லேசாக பிளஸ் பவர் இருந்தது, அதையும் துல்லியமாகச் சரிசெய்தேன். வாசலுக்குப் போனார். பட்டுக்கோட்டை பஸ்ஸின் போர்டை மட்டும் இல்லை, டிரைவர் சட்டைப் பையில் இருந்த பேனாவின் நிறத்தையும் சொன்னார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். எட்டாம் நாள் திரும்பி வந்தார். கோபம் எதுவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் மெதுவாக வைத்துவிட்டுச் சொன்னார்: “டார்கெட் பளிச்சுன்னு தெரியுது பாய். கையில இருக்கிற துப்பாக்கிதான் தெரியலை.”

மங்கல் கேட்ட முதல் ஆள்

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுடுகிறவருக்கு எதிரே இருப்பதுதானே தெரிய வேண்டும்? கையில் இருப்பது கையில்தானே இருக்கிறது? ஏட்டம்மா என் மேஜை மேல் இருந்த ஸ்டேப்லரை எடுத்து நீட்டிப் பிடித்துப் பாடம் நடத்தினார். பிஸ்டலின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு பள்ளம். முன்முனையில் அரிசி அளவு ஒரு மேடு, அதை அவர்கள் டிப் என்பார்கள். பள்ளத்துக்கு நடுவில் டிப் நேராக நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அந்தப் பக்கம் டார்கெட். பள்ளம், டிப், டார்கெட் என்று மூன்று தூரம். மனிதக் கண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு தூரம்தான் தெளிவாகத் தெரியும். இது என் தொழில் பாடம், இதை நான் ஒத்துக்கொண்டேன்.

“அந்த ஒண்ணு டிப்பா இருக்கணும் பாய். டார்கெட் மங்கலாத்தான் இருக்கணும். டிப்பு மயிரிழை விலகினா அங்க குண்டு ஒரு சாண் விலகும். டார்கெட்டு அங்கதானே நிக்குது, அது எங்க ஓடப்போகுது?” என்றார். சின்ன வயதில் கண் தானாக டிப்புக்கு வந்து நிற்கும். நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போகிறது, கை நீளத்தில் இருப்பது கலங்குகிறது. நான் கொடுத்த புரோகிரஸிவில் டிப்பைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் லென்ஸின் கீழ்ப்பாதி வழியாகத்தான் பார்க்க வேண்டும், அதற்கு மோவாயைத் தூக்க வேண்டும். அவர் அப்படி நின்றதைப் பார்த்து, “காக்காயையா சுடப்போறீங்க?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். அன்று சுடும் மைதானத்தில் ஏட்டம்மாவுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிருக்கும். காரணம் என் கைவண்ணம்.

இதையெல்லாம் உள்ளே லென்ஸ் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்த சபுரா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். “ஏங்க, இத்தனை வருஷத்துல மங்கலா இருக்குன்னு திட்டிட்டுப் போனவங்களை எல்லாம் நாம போலீஸ்ல சேர்த்து விட்டிருக்கலாம்.”

தென்னை மட்டை பிஸ்டல்

கண்ணுக்கும் டிப்புக்கும் நடுவே எத்தனை தூரம் என்று அளக்க வேண்டும். படிக்கிற கண்ணாடிக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அளப்போம். இதற்குத் துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுவர முடியுமா? அதற்கு அனுமதி இல்லை, எனக்கும் அந்தத் தைரியம் இல்லை. ஸ்டேப்லர் நீளம் பற்றவில்லை. மறுநாள் ஏட்டம்மா சாதாரணப் புடவையில், மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் தென்னை மட்டையில் செதுக்கிய ஒரு பிஸ்டல். அவருடைய கணவர் சம்பா நடவுக்கு நடுவில் வரப்பில் உட்கார்ந்து செதுக்கியதாம். அளவு சுத்தமாக இருந்தது. முன்முனையில் ஒரு ஆணி அடித்து, அதன் தலைக்குக் கறுப்பு மசியும் தடவியிருந்தார். பெண்டாட்டி சுடுவதை வேடிக்கைக்குக்கூட ஒருநாள் போய்ப் பார்க்காத மனுஷர் என்று ஏட்டம்மா முன்பு குறைப்பட்டிருந்தார். அந்த ஆணியைப் பார்த்த பிறகு நான் அதை நம்பவில்லை.

கடை நடுவில் பக்கவாட்டில் நின்று, மட்டையை நீட்டி, வாசல் வழியே எதிரில் நின்ற பஸ்ஸின் போர்டைக் குறிபார்த்தார். நான் குனிந்து அவருடைய கண்ணிலிருந்து ஆணிவரை இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் தயாரான கண்ணாடியை வாங்க வேண்டிய திருவையாற்று வாத்தியார் ஒருவர் அந்த நேரம் பார்த்துத்தான் படியேற வேண்டுமா? ஒரு காலைப் படியில் வைத்தவர் இரண்டு கையையும் லேசாக உயர்த்திவிட்டார். பிறகு மட்டை என்று தெரிந்ததும் கையை இறக்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: “வாங்காம வெளியில போறவங்களுக்கு மட்டும்தானே பாய் இது?”

கறுப்புத் தோசை

அளந்தாயிற்று, கணக்கும் போட்டாயிற்று. அந்தத் தூரத்துக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும் பவரில் ஒற்றை லென்ஸ் கண்ணாடி செய்தேன். இந்த முறை தப்ப வழியில்லை என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் எங்களுக்கே உரிய வியாதி இது: தூரம் எவ்வளவு என்று கேட்போம், அந்தத் தூரத்தைப் பளிங்கு மாதிரி ஆக்குவோம், அத்தோடு கடமை முடிந்தது. நீ அந்த இடத்தைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும் பழக்கம் கிடையாது.

ஏட்டம்மா மைதானத்திலிருந்தே போன் செய்தார். பின்னால் டப் டப்பென்று வெடிச் சத்தம். தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. குரலில் சலிப்பு இருக்கும் என்று பயந்துகொண்டே காதில் வைத்தேன். “டிப்பு ஊசி மாதிரி நிக்குது பாய், அதுல குறையே இல்லை. ஆனா எதிர்ல டார்கெட் இருந்த இடத்துல யாரோ கறுப்பா ஒரு தோசை வார்த்து வச்சிருக்காங்க.”

செம்மண் மேட்டில் ஒரு ஞாயிறு

அன்று கடையை மூடியதும் சபுராவிடம், “இது நம்மால் ஆகாது போலிருக்கு” என்றேன். அவள் சோதனை லென்ஸ் பெட்டியை எடுத்துத் துடைத்து வாசல் பக்கம் வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியாதா? ஏட்டம்மா இன்ஸ்பெக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் சபுராவும் ஸ்கூட்டரில் பெட்டியோடு கிளம்பினோம். ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில் இருந்தது மைதானம். வயல்காட்டையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தச் சிவப்பு வேறு ஏதோ ஜில்லா மாதிரி இருந்தது. காதை மூடக் கொடுத்ததை மாட்டியும் முதல் வெடிக்கு நான் ஒரு அடி துள்ளினேன். சபுரா துள்ளவில்லை.

ஏட்டம்மா முகத்தில் சோதனை ஃபிரேமை மாட்டினேன். வட்டவட்டமாகத் திருகு வைத்த அந்த ஃபிரேமில் யாரும் அழகாக இருந்ததில்லை, காக்கி உடுப்போடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முதலில் தூரத்துக்கான பவரை மட்டும் போட்டேன். டார்கெட் தெளிவு, டிப் கலங்கல். அதற்கு மேல் கால் பவர் ஏற்றினேன். ஐந்து குண்டு. அரை. ஐந்து குண்டு. முக்கால் போட்டதும் அவர் கையை நீட்டினார், இறக்கினார், மறுபடி நீட்டினார். டிப் கூர்மையாக நின்றது, டார்கெட்டின் ஓரம் மட்டும் பனி படிந்த மாதிரி லேசாகக் கலைந்திருந்தது. இரண்டில் ஒன்றை முழுசாகக் கேட்காமல் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் கண்ணை நிறுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான் சூட்சுமம். அதற்கு மேல் கால் ஏற்றியபோது தோசை திரும்பி வந்துவிட்டது. உடனே முக்காலுக்கு இறங்கினேன். ஐந்து குண்டு சுட்டார்.

இன்ஸ்பெக்டர் தொலைநோக்கியில் பார்த்தார். நடந்துபோய் அட்டையைக் கையோடு கழற்றிக்கொண்டு வந்தார். ஐந்து ஓட்டையையும் என் உள்ளங்கையால் மூடிவிடலாம் போலிருந்தது. நல்ல மனுஷர், அதை அவரே என் கையை இழுத்து வைத்து மூடிக் காட்டினார். பிறகு தன் பிளாஸ்க்கிலிருந்து டம்ளர் நிறையக் காபி ஊற்றி ஏட்டம்மாவிடம் நீட்டினார். ஏழு மாதம் கழித்துக் காபி. ஏட்டம்மா அதை ஒரு நிமிஷம் மோந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுக் குடித்தார். குடித்து முடித்ததும் இன்னும் ஐந்து சுடச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அதுவும் கூடவே விழுந்தது. இன்ஸ்பெக்டர் காலி டம்ளரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். “கையைப் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் ஏட்டம்மா. எழுதி வேணும்னாலும் தர்றேன்.”

சபுரா பார்த்தது

இங்கேயே சுபம் போட்டிருக்கலாம். தொழில் விடுமா? அதே முக்காலைச் சேர்த்து லென்ஸ் வெட்டி நல்ல ஃபிரேமில் போட்டுக் கொடுத்தேன். சோதனை ஃபிரேமில் பிரமாதமாக இருந்தது கண்ணாடியில் சுமாராக இருந்தது. டிப்புக்குப் பக்கத்தில் ஒரு நிழல் டிப் தெரிகிறது என்றார். பவரை மூன்று முறை சரிபார்த்தேன். அச்சு பிசகவில்லை. தேர்வுக்கு மூன்று வாரம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

சபுரா தென்னை மட்டையை ஏட்டம்மாவின் கையில் கொடுத்து, “ஒருதரம் நில்லுங்க” என்றாள். தான் போய் வாசலில், டார்கெட் இருக்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டாள். அங்கிருந்து அவளுக்குத் தெரிந்தது எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை. ஒற்றைக் கையில் சுடுகிறவர் பக்கவாட்டில் நிற்கிறார். தலையை முழுசாகத் திருப்பினால் கழுத்து இழுக்கும், அதனால் முக்கால்வாசி தலையைத் திருப்பி, மிச்சத்துக்குக் கண்ணைத் திருப்புகிறார். ஆக, பார்வை லென்ஸின் நடுவில் போகவில்லை, காதுப் பக்க ஓரத்தில் போகிறது. சோதனை ஃபிரேமை அன்று நானே திருகித் திருகி அவர் கண்ணுக்கு நேரே வைத்திருந்தேன், அதனால் தப்பித்தோம். லென்ஸின் மையத்தை அந்த ஓரத்துக்கே நகர்த்தி சபுரா வெட்டினாள். பார்க்கக் கொஞ்சம் கோணலாக இருந்தது. போட்டுப் பார்த்த ஏட்டம்மா நிழல் போய்விட்டது என்றார். நான் சபுராவைப் பெருமையாகப் பார்த்தேன். அவள் விடுவாளா? “கண்ணைப் பார்த்தீங்க, கம்ப்யூட்டரைப் பார்த்தீங்க, பவர் எழுதின சீட்டைப் பார்த்தீங்க. ஆளு எப்படி நிக்குதுன்னு பார்க்கலை.”

மச்சானின் இடது கண்

நடுவில் இந்தச் சின்னக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏட்டம்மாவுக்கு இதிலும் லாபம் உண்டு. சபுராவின் தம்பி ரஃபீக், என் மச்சான், துபாயிலிருந்து வந்து அதிராம்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். நாங்கள் மைதானத்துக்குப் போன கதையைக் கேட்டு ஆசை வந்து, ஒரு கிளப்பில் சேர்ந்து ஏர் பிஸ்டல் பழக ஆரம்பித்தான். எப்படிச் சுட்டாலும் ஒரே பக்கமாக ஒதுங்கி விழுகிறது என்று பிஸ்டலைத் திட்டினான். கோச்சைத் திட்டினான். கடற்காற்றைக்கூடத் திட்டினான், அவன் சுட்டது நாலு சுவருக்குள். நான் ஒரு அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுத்து, இரண்டு கண்ணையும் திறந்தபடி அதன் வழியே வாசல் மணியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். அவனுடைய வலது கண்ணைப் பொத்தினேன், மணி அப்படியே தெரிந்தது. இடது கண்ணைப் பொத்தினேன், மணி காணாமல் போய்விட்டது. வலது கைக்காரன், ஆனால் உள்ளே அதிகாரம் செய்வது இடது கண்.

இதற்குக் கறுப்புத் துணி கட்டக்கூடாது. ஒரு கண்ணை முழு இருட்டாக்கினால் அதன் கண்பாப்பா விரியும், கூடவே அடுத்த கண்ணின் பாப்பாவும் விரிந்து பார்வை கலையும். வெளிச்சம் வர வேண்டும், உருவம் வரக்கூடாது. இடது லென்ஸில் மங்கலான வெள்ளை டேப்பை ஒட்டினேன், வேலை முடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஏட்டம்மா ஞாபகம் வந்தது. அவர் இடது கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் சுடுவார். முப்பது குண்டு தாண்டினால் முகமே வலிக்கும், வலது கண்ணிலும் நீர் கட்டும், கடைசிக் குண்டுகள் சிதறும். அவருடைய கண்ணாடியிலும் அதே டேப்பை ஒட்டி, இரண்டு கண்ணையும் திறந்து சுடச் சொன்னேன். கடைசிக் குண்டுகளும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. அதற்கு ரஃபீக்குக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவனோ தன் இடது கண்ணை முகம் பார்க்கும் கண்ணாடியில் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். “நாப்பது வருஷமா இவன்தான் முதலாளியா இருந்திருக்கான் மச்சான், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை.”

நான்கு இடம்

தேர்வு திருச்சியில். அன்று நான் பார்த்த வியாபாரத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. ஒரு அம்மாவிடம் அவருடைய கண்ணாடியைக் கொடுத்து, உறையை மட்டும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டேன். போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாமாகப் போன் செய்து கேட்கலாமா என்றால் சபுரா வேண்டாம் என்றாள். கேட்டு, இல்லை என்று அவர் சொல்லும்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? மூன்றாம் நாள் ஏட்டம்மா உடுப்போடு படியேறி வந்தார். கண்ணாடிக் கடைக்காரனுக்கு ஒரு பயம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கண்ணாடி நன்றாக இருந்தால் யாரும் திரும்பி வருவதில்லை. நன்றாக இல்லாதவர்தான் வருவார். அவரைப் படியில் பார்த்ததும் கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டேன். உள்ளே மெஷின் சத்தம் நின்றுபோனது.

அவர் ஒரு டார்கெட் அட்டையை மேஜையில் விரித்தார். நடுவில் கறுப்பு வட்டம், அதற்குள் ஓட்டைகள். நான்காவது இடம். முதல் இடம் இல்லை, மூன்றாவதுகூட இல்லை, ஐந்தாவது ஆளை நூலிழையில் தாண்டிய நான்காவது. ஆனால் இடம் இருப்பது நான்கு, அதில் ஒன்று அவருடையது. உடனே போன் செய்யாததற்குக் காரணம் கேட்டேன். இதை வாயால் சொல்ல மனசு வரவில்லை, காட்டத்தான் வேண்டும் என்று இருந்ததாம். சபுரா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். 

நன்றி நான்தான் சொல்ல வேண்டும், சொன்னேன். முதல் கண்ணாடி கெட்டபோதே அவர் அடுத்த கடைக்குப் போயிருக்கலாம். என்னைப் பற்றி நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யாமல், மூன்று முறை கெடுத்தவனிடம் நான்காவது முறையும் மூஞ்சி சுளிக்காமல் வந்து நின்று, எங்கே தப்பு என்று எடுத்துச் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு என் கடைக்குத் தையல்காரர் வந்தால் ஊசியை எங்கே வைத்துப் பிடிப்பீர்கள் என்று கேட்கிறேன். மிருதங்கக்காரர் வந்தால் பாடுகிறவரின் முகம் எத்தனை தூரத்தில் இருக்கும் என்று கேட்கிறேன். நின்று காட்டச் சொல்கிறேன். இதெல்லாம் அவர் போட்ட பிச்சை. இதை அவரிடம் சொன்னபோது அவருக்குக் கூச்சமாகிவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டே எழுந்தார். வாசல்வரை போனவர் நின்று, தன் வலது கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். “வயசானது நெசந்தான் பாய். ஆனா கண்ணுக்குத்தான் ஆகியிருக்கு. கண்ணுக்குக் கடை இருக்கு, கைக்குன்னா நான் எந்தக் கடைக்குப் போயிருப்பேன்?”

இருபத்திரண்டு வருஷத்தில் நீ செய்த கண்ணாடிகளிலேயே நல்லது எது என்று யாராவது கேட்டால், எதிரில் இருப்பது சரியாகத் தெரியாத, மையம் கோணலான, ஒரு பக்கம் டேப் ஒட்டிய அந்த ஒன்றைத்தான் எடுத்துக் காட்டுவேன்.